இடிப்பதற்கு வரும் பணம்

பாரவண்டி ஓட்டும் என் மருமகன் ஒரு கோடைகாலத்தில் என்னையும் தன்னோடு ஏற்றிக்கொண்டு போனான். சிக்காகோவைத் தாண்டி, மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் அயோவா மாநிலம் தொடங்கிவிடுகிறது. 80ஆம் இலக்க நெடுஞ்சாலையின் இருமருங்கும் கண்ணுக்கெட்டிய தூரம் சோளமும் சோயாவுமே. நெடுஞ்சாலையை விட்டு விலகி, முந்நூறு பேர்வரை வாழும் ஒரு சிற்றூரில் அவன் சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது நான் காலாற நடந்தேன். தெருவின் முடிவில் ஒரு பாடசாலை நின்றது. செங்கல்லாற் கட்டிய இரண்டு மாடிகள்; வாயிலின் மேல் கல்லிற் பொறித்த 1919 என்னும் ஆண்டு. கூரையின் நடுப்பகுதி உள்ளே விழுந்திருந்தது. மேல்மாடி வகுப்பறையொன்றின் யன்னலூடாக ஒரு மரக்கன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. மாநில அரசின் நிதியுதவியுடன் கட்டடம் இடிக்கப்படவிருப்பதாக வேலியிற் கட்டியிருந்த அறிவித்தல் கூறியது.

கூரையில்லாத பாடசாலைகள் நமக்குப் புதியவையல்ல. பதுங்குகுழிக்கு அருகிற் கரும்பலகையைச் சாய்த்துவைத்துப் படிப்பித்த ஆசிரியர்களுள் நானும் ஒருவன். ஆனால் நம்முடைய கூரைகளைக் கொண்டுபோனது எதுவென்று நமக்குத் தெரியும். ஒரு குண்டுகூட விழாத, பொன்விளையும் பூமியிலே ஒரு பாடசாலை எவ்வாறு இந்நிலைக்கு வந்தது? அதனை இடிப்பதற்கு அரசாங்கம் ஏன் பணங்கொடுக்கிறது? வீடு திரும்பியபின் நூலகத்திற் சில நாட்களைக் கழித்து அறிந்தவற்றை வாசகர்களுக்குத் தருகிறேன்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதி நிலங்களைக் குடியேற்றத்துக்காக அளந்தவர்கள், 1785ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, அவற்றை ஆறு மைல் நீளமும் ஆறு மைல் அகலமும் கொண்ட சதுரங்களாகப் பிரித்தனர். ஒவ்வொரு சதுரத்திலும் 36 துண்டுகள். அவற்றுள் 16ஆவது துண்டு பாடசாலையின் செலவுக்கென ஒதுக்கப்பட்டது. ஊர் உருவாகுமுன்னரே பாடசாலைக்கு நிலம் எழுதிவைத்தார்கள் என்பது ஆசிரியனாகிய எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி. 1846இல் அயோவா மாநிலமாயிற்று. எந்தப் பிள்ளையும் ஏறத்தாழ இரண்டு மைலுக்கு மேல் நடக்கக்கூடாது என்ற கணக்கில் மரத்தாலான ஓரறைப் பாடசாலைகள் எழுந்தன. 1900ஆம் ஆண்டளவில் அங்கு இவ்வாறானவை 12,000க்கு மேல் இருந்தன.

ஓரறை, ஓராசிரியை, எட்டு வகுப்புகள். அவ்வாசிரியை பெரும்பாலும் இருபது வயதை எட்டாத பெண். விடியுமுன் வந்து நிலக்கரி அடுப்பை மூட்டுவதும், தண்ணீர் அள்ளிவைப்பதும், கூட்டித் துடைப்பதும் அவளுடைய கடமைகள். ஒரே நேரத்தில் மூன்று வகுப்புகளைக் கட்டிமேய்த்தவர்களுக்கு அவளுடைய பாடு விளங்கும்.

இப்பாடசாலைகளை இணைத்துப் பெரிதாக்கவேண்டும் என்ற குரல் 1890களில் எழுந்தது. அயோவாவின் வட எல்லையை அண்டிய பவலோ சென்ரர் என்னுமிடத்தில் அம்மாநிலத்தின் முதலாவது இணைப்பு நிகழ்ந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கும் நகரத்துப் பிள்ளைகளுக்கு நிகரான கல்வி வேண்டும், வகுப்புக்கொரு ஆசிரியர் வேண்டும், உயர்தர வகுப்புகள் வேண்டும் என்பன கல்வியதிகாரிகளின் வாதங்கள். அவை பொய்யான வாதங்கள் அல்ல. ஆயினும் விவசாயிகள் பலர் எதிர்த்தனர். வரி கூடும், பிள்ளை சேற்றுப் பாதையிற் குதிரை வண்டியில் வெகுதூரம் போகவேண்டும், பாடசாலை தம் கையை விட்டுப் போய்விடும் என்று அஞ்சினர். வாக்கெடுப்புகளில் அயலவர் அயலவரோடு பகைத்துக்கொண்டனர். 1913இல் இணைந்த பாடசாலைகளுக்கு மாநில அரசு உதவிப்பணம் வழங்க முன்வந்ததும் தராசு சாய்ந்தது. அடுத்த எட்டு ஆண்டுகளுள் நூற்றுக்கணக்கான சிற்றூர்கள் கடன்பத்திரம் வெளியிட்டுச் செங்கற் கட்டடங்களை எழுப்பின. 1920க்குப் பின் தானிய விலை சரிந்தபோதுதான் அந்த வேகம் தணிந்தது. நான் கண்ட 1919 அக்காலத்தது.

கைவிடப்பட்ட ஓரறைப் பாடசாலைகளை இடிப்பதற்கு யாரும் பணங்கேட்கவில்லை என்பதை இவ்விடத்திற் குறிப்பிடவேண்டும். அவை மரக் கட்டடங்கள். ஏலத்தில் விற்றார்கள்; வாங்கியவர் அடியில் உருளைகளை வைத்து இழுத்துச்சென்று தானியக் கொட்டிலாகவோ பன்றிக் கொட்டிலாகவோ ஆக்கிக்கொண்டார். செங்கற் கட்டடத்தை இழுத்துச்செல்ல முடியாது. நிலைத்து நிற்கவேண்டும் என்றுதானே அதனைக் கட்டினார்கள்!

அப்படிக் கட்டிய பாடசாலையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. இதற்கு மிகச் சிறந்த சான்று அயோவாப் பெண்களின் கூடைப்பந்தாட்டம். அணிக்கு ஆறு பேர். மூவர் எறிவார், மூவர் தடுப்பார். நடுக்கோட்டை எவரும் தாண்டலாகாது. நம் பெண்பிள்ளைகளின் வலைப்பந்தை ஓரளவு நினைவூட்டும் ஆட்டம் அது. 1920இல் மாநிலப் போட்டி தொடங்கியது. பெண்கள் பலர்முன் விளையாடுவது தகாது என்று 1925இல் பாடசாலை விளையாட்டுச் சங்கம் அதனைக் கைவிட்டபோது, சிற்றூர்ப் பாடசாலைகளின் அதிபர்களே தனிச் சங்கம் அமைத்து அதனைக் காப்பாற்றினார்கள். 1968ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் யூனியன்-விற்றன் அணி எவர்லி அணியை மேலதிக நேரத்தில் 113க்கு 107 என்ற புள்ளிகளில் வென்றது. மாநிலம் முழுவதும் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து பார்த்த ஆட்டம் அது. இரு அணிகளும் வரைபடத்தில் உருப்பெருக்கி வைத்துத் தேடவேண்டிய ஊர்களைச் சேர்ந்தவை. ஆறுபேர் ஆட்டம் 1993இல் நிறுத்தப்பட்டது.

யூனியனும் விற்றனும் இன்று தனிப் பாடசாலை உடையவையல்ல. பீமன், கொன்றட், லிஸ்கொம், யூனியன், விற்றன் என்னும் ஐந்து ஊர்களின் முதலெழுத்துக்களைக் கோத்து பி-சி-எல்-யூ-டபிள்யூ என்றொரு கல்வி வட்டாரம் இருக்கிறது. அயோவாவில் இவ்வாறான எழுத்துக்கோவைப் பெயர்கள் பல. கம்பர்லன்ட், அனிற்றா, மசீனா என்னும் மூன்று ஊர்கள் சேர்ந்து சி-ஏ-எம். பெயரையாவது விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று ஒவ்வோர் ஊரும் பிடிவாதமாக நின்றதன் தழும்புகள் இவை.

முதல் இணைப்பின்போது ஓரறைப் பாடசாலைக்கு எதிராகச் சொன்ன அதே வாதங்கள், நாற்பது ஆண்டுகளின் பின் அந்தச் செங்கற் பாடசாலைக்கு எதிராகவே திரும்பின. மாணாக்கர் போதாது, பாடங்கள் போதா, செலவு அதிகம். 1950களின் தொடக்கத்தில் அயோவாவில் 4,500 அளவிலான கல்வி வட்டாரங்கள் இருந்தன. 1953ஆம் ஆண்டுச் சட்டம் இணைப்பைத் துரிதப்படுத்தியது. மாநிலத்தின் ஒவ்வோர் அங்குல நிலமும் உயர்தர வகுப்புவரை நடத்தும் ஒரு வட்டாரத்துள் 1966இல் அடங்கியிருக்கவேண்டும் என்று 1965இல் விதித்தார்கள். எஞ்சியவை ஏறத்தாழ 450. அமெரிக்கா முழுவதும் இதே கதைதான். 1917-18இல் நாட்டில் 1,96,037 ஓராசிரியப் பாடசாலைகள் இருந்தன, 1970-71இல் 1,815. கல்வி வட்டாரங்கள் 1939-40இல் 1,17,108, 1970-71இல் 17,995.

பின்னர் இரண்டு அடிகள் விழுந்தன. 1971இல் அயோவா ஏற்படுத்திய நிதிமுறைப்படி அரசின் பணம் பிள்ளைகளின் தலையை எண்ணி வந்தது. பத்துப் பிள்ளைகள் குறைந்தால் பத்துப் பங்குப் பணம் குறையும். ஆனால் கொதிகலனுக்கு வேண்டிய எரிபொருள் குறையாது. இரண்டாவது, 1980களின் விவசாய நெருக்கடி. 1981இல் ஏக்கர் 2,147 டொலர் விலைபோன அயோவா நிலம் 1986இல் 787 டொலருக்கு இறங்கியது. நிலத்தை ஈடுவைத்துக் கடன்பட்டவர்கள் நிலத்தை இழந்து ஊரைவிட்டுப் போனார்கள். பத்தாண்டுகளில் மாநிலத்தின் சனத்தொகை 29 இலட்சத்திலிருந்து 28 இலட்சத்துக்கும் கீழே போயிற்று. போனவர்கள் இளங்குடும்பத்தினர், அவர்களோடு பிள்ளைகளும் போயினர். வகுப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வட்டாரங்களுக்கு அரசு ஊக்கப்பணம் கொடுத்தது. பகிர்ந்தவை பின்னர் இணைந்தன. இணைந்தபின் ஒரு ஊரின் கட்டடம் மிஞ்சியது.

மிஞ்சிய கட்டடம் யாருக்கு? இங்கேதான் விடயத்தின் முடிச்சு இருக்கிறது. அமெரிக்காவிற் கல்வி வட்டாரம் வேறு, ஊர்ச்சபை வேறு. இரண்டுக்கும் தனித்தனி வரி, தனித்தனிக் கணக்கு. மூடிய கட்டடத்தை வைத்திருந்தால் வட்டாரத்துக்குக் காப்புறுதிச் செலவு. ஆகவே ஒரு டொலர் போன்ற பெயரளவு விலைக்கு ஊர்ச்சபையிடமோ தனியாரிடமோ அதனைத் தள்ளிவிடுவது வழக்கமாயிற்று. வாங்கிய தனியாரிடம் முதலில் ஏதோ கனவு இருக்கும். களஞ்சியமாக்குவோம், தங்குவிடுதியாக்குவோம் என்பார். சூடேற்றாத கட்டடத்தில் ஒரே மாரியிற் குழாய்கள் உறைந்து வெடிக்கும். கூரையிலே கையளவு ஓட்டை விழும். அதை அடைக்கும் செலவு சிறிது. ஆனால் அந்தச் சிறிதுக்கு எவரும் பொறுப்பாளியல்லர். பத்து ஆண்டுகளில் தளம் உக்கிவிடும். உரிமையாளர் வரி கட்டாமல் விட்டுவிட்டுப் போவார். இறுதியில் ஊர்ச்சபையின் தலையிலேயே விழும்.

ஊர்ச்சபையும் நினைத்தவுடன் இடித்துவிட முடியாது. அக்காலக் கட்டடங்களின் கொதிகலன் உறைகளிலும் குழாய்ச் சுற்றுகளிலும், பிற்காலத்தில் ஒட்டிய தரையோடுகளிலும் அஸ்பெஸ்ரஸ் உண்டு. அதன் தூசு நுரையீரலைக் கெடுப்பது. 1973இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி முதலில் அதனை அகற்றிய பின்னரே இடிக்கலாம். கட்டடம் உறுதியாக நிற்கும்வரை தொழிலாளர் உள்ளே சென்று அகற்றலாம். உள்ளே காலெடுத்துவைக்க முடியாதளவுக்கு அது சிதைந்துவிட்டாலோ, இடிபாடு முழுவதையும் நஞ்சுக் கழிவாகக் கருதி, நீர்தெளித்து, மூடிக்கட்டி, அனுமதி பெற்ற கழிவுநிலத்துக்குக் கொண்டுசெல்லவேண்டும். தாமதத்தின் விலை பன்மடங்காகிறது. முந்நூறு பேர் கொண்ட ஊரின் ஆண்டு வரி வருமானத்தை முழுவதும் விழுங்கினாலும் அது போதாது.

எனவேதான் பொதுநிதி. 1974ஆம் ஆண்டுச் சமுதாய அபிவிருத்திச் சட்டம் பாழடைந்த கட்டடங்களை அகற்ற மத்திய அரசின் பணத்தைப் பயன்படுத்த இடமளித்தது. மாசடைந்த நிலங்களைத் துப்புரவாக்குவதற்கு 2002இல் மற்றொரு சட்டம் வந்தது. 2021இல் அதற்கு 1.5 பில்லியன் டொலர் மேலதிகமாக ஒதுக்கினர். அயோவாவின் சொந்தத் திட்டம் 2011இல் உருவாயிற்று. 5,000 பேருக்கு மேற்படாத ஊர்களுக்கே அந்த உதவி. ஊரும் தன் பங்கைப் போடவேண்டும். இடிபாட்டில் இயன்றதைக் குப்பைமேட்டுக்கு அனுப்பாமல் மீளப் பயன்படுத்தவும் வேண்டும். பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். குப்பைமேடுகளிற் கொட்டப்படும் ஒவ்வொரு தொன் கழிவுக்கும் அறவிடும் கட்டணத்திலிருந்து! பாடசாலையை மூடியது கல்வித்துறை; இடிப்பதற்குக் கொடுப்பது சூழல்துறை. 2018இல் பொருளாதார அபிவிருத்தித் துறையும் ஒரு திட்டம் தொடங்கி, 1,500 பேருக்குக் குறைந்த ஊர்களுக்கு அதில் ஒரு பங்கை ஒதுக்கியது. இத்திட்டங்களிற் புதுப்பிப்பதற்கும் இடமுண்டு என்பதை மறைக்கக்கூடாது. சில ஊர்களிற் பழைய வகுப்பறைகள் முதியோர் வீடுகளாகியுள்ளன. ஆனால் புதுப்பித்த கட்டடத்துக்குக் குடியிருக்க ஆள் வேண்டும்; இடித்த வெளிக்கு ஆள் வேண்டியதில்லை.

பணம் எந்தப் பக்கம் சாய்கிறதோ முடிவும் அந்தப் பக்கம் சாயும் என்பதற்கு ஒகையோ மாநிலம் உதாரணம். அங்கே ஏழை வட்டாரங்களின் பாடசாலைக் கட்டடங்கள் கேவலமான நிலையில் இருப்பதாக 1991இல் தொடுத்த வழக்கில், நிதிமுறையே அரசியலமைப்புக்கு முரணானது என்று 1997இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. அதன்பின் அரசு பெருந்தொகையைக் கட்டடங்களுக்குக் கொடுத்தது. ஆனால் பழையதைத் திருத்தும் செலவு புதியதன் செலவில் மூன்றிலிரண்டைத் தாண்டினால் புதிதாகக் கட்டுவதே தகும் என்பது விதியாயிற்று. உறுதியான பழைய கட்டடங்களும் அக்கணக்கில் விழுந்தன. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மரபுரிமைப் பாதுகாப்பு நிறுவனம், அழிவை எதிர்நோக்கும் இடங்களின் பட்டியலில், நாட்டின் பழைய அயற்பாடசாலைகள் அனைத்தையும் ஒருசேரச் சேர்த்தது.

இடிப்பது தவறென்று நான் வாதிடவில்லை. நான் கண்ட கட்டடத்துக்குள் ஒரு பிள்ளை விளையாடப் புகுந்தால் உயிரோடு திரும்பும் என்று சொல்ல முடியாது. என் முறைப்பாடு கணக்கைப் பற்றியது. இணைப்பினால் இத்தனை டொலர் மிச்சம் என்று கல்வி வட்டாரம் ஆண்டுதோறும் எழுதியது. இருபது முப்பது ஆண்டுகளின் பின் வந்த இடிப்புச் செலவு வேறொரு சபையின் புத்தகத்தில், வேறொரு திணைக்களத்தின் தலைப்பில் எழுதப்பட்டது. இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் கடமை எவருக்கும் விதிக்கப்படவில்லை. மூடும் நாளிலேயே கூரைக்கென ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருந்தால், பாதிக் கட்டடங்களுக்காவது வேறு வாழ்வு கிடைத்திருக்கும் என்பது என் துணிபு.

பாடசாலையின் பின்புறம், பிற்காலத்திற் சேர்த்துக் கட்டிய விளையாட்டு மண்டபம் ஒன்று தனியே நல்ல நிலையில் நின்றது. எட்டிப் பார்த்தேன். மடக்குக் கதிரைகள் அடுக்கியிருந்தன. ஏதோ விருந்துபசாரத்தின் கடதாசித் தோரணங்கள் தொங்கின. மரத் தரையில் நடுக்கோடு அழியாமல் இருந்தது. வேலி அறிவித்தலை மீண்டும் வாசித்தபோது, மண்டபத்தை இடிக்கப்போவதில்லை என்றும், வாயிற் கல்லைக் கழற்றி அதன் முன்னால் வைக்கப்போவதாகவும் கீழே சிறிய எழுத்தில் எழுதியிருந்தது. மருமகன் ஹோர்ன் அடித்தான். சாமான் இறக்கி முடிந்துவிட்டது.