பாஸ்வேர்டை எங்கே ஒளித்து வைப்பது?

மீஞ்சூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்பவரின் கைபேசியில் இன்று டிக்கெட், பேங்க், சாப்பாடு என எல்லாவற்றுக்கும் ஆப் உண்டு. அதில் தட்டும் பாஸ்வேர்டு எங்கே போய் உட்காருகிறது? இந்தக் கேள்விக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது!

1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பகிர்ந்துகொள்ள வழி செய்தது ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு. ஆளுக்கொரு பாஸ்வேர்டு. ஆனால் அத்தனையும் ஒரே ஃபைலில், எழுத்து மாறாமல் அப்படியே! அடுத்த வருஷமே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்குக் கொடுத்த நேரம் போதவில்லை என்று அந்த ஃபைலையே பிரிண்ட் எடுத்துவிட்டார். (மாணவர் புத்தி எங்கும் ஒன்றுதான்.)

இதற்கு மருந்தை யுனிக்ஸ்காரர்களான ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்சனும் 1979-ல் கட்டுரையாகவே எழுதினார்கள். பாஸ்வேர்டை வைக்காதே, அரைத்த மாவை மட்டும் வை. மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது அல்லவா? ஆள் வரும்போது மறுபடி அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்த்தால் போதும். இதுதான் 'ஹாஷ்'. இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் மாவு வேறாக இருக்க, ஆளுக்கு ஆள் வேறு வேறு 'உப்பு'!

வழி தெரிந்தும் எல்லோரும் கேட்டார்களா என்ன? 000வெப்ஹோஸ்ட் என்ற இலவச ஹோஸ்டிங் நிறுவனம் பாஸ்வேர்டுகளை அரைக்காமலே வைத்திருந்தது. 2015-ல் அவை வெளியே கசிந்தன. அதில் ஒன்று நம் நாட்டு ஜொமாட்டோவின் புரோகிராமர் ஒருவருடையது. அதே பாஸ்வேர்டைத்தான் அவர் கிட்ஹப்பிலும் வைத்திருந்தார். அந்த வழியாக ஜொமாட்டோவின் கோடைப் பார்த்த ஒருவன் அதில் ஓட்டை கண்டுபிடித்தான். 2017 மே மாதம் 1 கோடியே 70 லட்சம் பேரின் விவரம் விற்பனைக்கு வந்தது! அதில் சுமார் 66 லட்சம் பேருக்குப் பாஸ்வேர்டு ஹாஷும் இருந்தது. எவனோ அரைக்காமல் வைத்ததற்கு, அரைத்து வைத்தவன் வீட்டில் திருட்டு.

கைபேசி ஆப்பில் தொல்லை வேறு மாதிரி. ஸ்டார்பக்ஸின் ஐபோன் ஆப் பாஸ்வேர்டை ஒரு லாக் ஃபைலில் அப்படியே எழுதி வைத்தது 2014-ல் அம்பலமானது. போனைக் கம்ப்யூட்டரில் செருகினால் படித்துவிடலாம்! ஐபோனில் 'கீசெயின்' என்ற பூட்டுப்பெட்டி அதற்கு முன்பே உண்டு. ஆண்ட்ராய்டும் 2013-ல் ஆப்கள் தங்கள் சாவியைப் பூட்டிவைக்க 'கீஸ்டோர்' கொடுத்துவிட்டது. பாஸ்வேர்டைச் சர்வரில் ஒருமுறை காட்டி, பதிலுக்கு வரும் டோக்கனை மட்டும் பெட்டியில் பூட்டுவதே நல்ல ஆப்பின் வேலை. டோக்கன் தொலைந்தால் ரத்து செய்துகொள்ளலாம்.

பணம் என்றதும் இதிலும் ஒரு படி மேலே போனார்கள். 2016-ல் வந்த யு.பி.ஐ.யில் பின் நம்பர் கேட்கும் அந்தத் திரை கூகுள் பேயுடையதோ போன்பேயுடையதோ அல்ல, என்.பி.சி.ஐ. எழுதிக்கொடுத்தது. தட்டிய எண் அங்கேயே சங்கேதமாகி பேங்குக்குப் போகிறது. ஆப்பின் கண்ணில் அது படுவதே இல்லை.