அடுத்த வீட்டு அந்நிய பாஷை

உக்கடம் பெரியகுளத்துக் கரையை ஒட்டிய ஒரு சந்தில், என் இருபத்தைந்தாவது வயதில் குடியிருந்தேன். லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் ஆறு குடும்பங்கள். நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்கள். இந்தப் பக்கம் குழந்தை தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து 'நூறு வயசு' என்று குரல் வரும். அப்போதுதான் என் முதல் நாவலை எழுத ஆரம்பித்திருந்தேன். பகலெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு ஓடியது போக, விடியற்காலை நாலு மணி ஒன்றுதான் எனக்கென்று மிஞ்சியிருந்தது.

அந்த நாலு மணிக்கு அடுத்த வீட்டு அம்மாளும் எழுந்துவிடுவார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடிய பிறகு வாசலில் இட்லி சுட்டு விற்றுப் பேத்தியை வளர்த்துவந்தார். சந்தில் எல்லாருக்கும் அவர் 'அம்மாயி'. ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு பெந்தெகொஸ்தே சபைக்குப் போவார். மற்ற நாட்களில், அடுப்புப் பற்றவைக்கும் முன் முழங்காலிட்டு ஜெபம். முதலில் தமிழில்தான் தொடங்கும்: பேத்தியின் படிப்பு, வீட்டு வாடகை, முழங்கால் வலி. பத்து நிமிஷத்தில் தமிழ் தீர்ந்துபோகும். பிறகு வருவது நான் கேட்டறிந்த எந்தப் பாஷையும் இல்லை. தாழ்ந்த குரலில், தறி ஓடுவது போலச் சீராக, ஏதோ ஒன்றை யாருக்கோ சொல்லிக்கொண்டே இருப்பார். நடுவில் சிறிது அழுவார். பிறகு மாவுப் பாத்திரத்தின் மூடி திறக்கும் சத்தம் கேட்கும்.

இதை நான் ஒரு சிறுகதையாக எழுதினேன். அது பத்திரிகையில் வந்தது. அதனால் நேர்ந்ததைக் கடைசியில் சொல்கிறேன். அது நேர்ந்த பிறகுதான் இந்தப் பாஷையின் சரித்திரத்தைத் தேடிப் படிக்கவேண்டும் என்ற புத்தி எனக்கு வந்தது.

கிறிஸ்தவர்கள் இதை 'அந்நிய பாஷை' என்கிறார்கள். இதன் மூலம் புதிய ஏற்பாட்டில் இருக்கிறது. பெந்தெகொஸ்தே திருநாளில் சீஷர்கள் பல பாஷைகளில் பேசினார்கள் என்றும், கூடியிருந்த பரதேசிகள் அவரவர் பாஷையைக் கேட்டு அதிசயித்தார்கள் என்றும் அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. ஆனால் கொரிந்து பட்டணத்துச் சபையில் நடந்தது வேறு. அங்கே பேசியவருக்கும் புரியவில்லை; கேட்டவருக்கும் புரியவில்லை. கி.பி. 55-ஐ ஒட்டி அவர்களுக்குக் கடிதம் எழுதிய பவுல், இந்த வரத்தைத் தடுக்கவில்லை. தாமும் அப்படிப் பேசுவதுண்டு என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் சபையில் பேசினால் அர்த்தம் சொல்ல ஒருவர் வேண்டும் என்கிறார். அப்படி ஒருவர் இல்லாவிட்டால், பேசுகிறவர் சபையில் மௌனமாயிருந்து, தமக்கும் தெய்வத்துக்கும் மட்டும் தெரியப் பேசிக்கொள்ளட்டும் என்று விதிக்கிறார். அம்மாயியின் நாலு மணி ஜெபத்துக்கு ஆதாரம் அந்தக் கடைசி விதிதான்.

பல நூற்றாண்டுகள் கடந்து இந்தப் பாஷை எங்கே மறுபடியும் தலையெடுத்தது என்று கேட்டால், புத்தகங்கள் அமெரிக்காவைக் காட்டும். 1901 ஜனவரி முதல் நாள், கான்ஸாஸ் மாகாணத்து டொபீகா நகரில் ஆக்னஸ் ஓஸ்மன் என்ற பெண் பேசினார். 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் அஸூஸா வீதியில், அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பிறந்த வில்லியம் ஸேமர் நடத்திய கூட்டங்களில் அது பெருந்தீயாய்ப் பரவியது. இதெல்லாம் உண்மை. ஆனால் டொபீகாவுக்கு நாற்பது வருஷம் முன்பே, நம் மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் ஒரு தமிழர் இதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துவிட்டார்.

அவர் பெயர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். 1810-இல் பிறந்தவர். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். 1833-இல் இந்தியா வந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயரின் பழக்கம் இவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. குரோவ்ஸ் பல் வைத்தியத்தில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர். அதை உதறிவிட்டு, சங்கத்துச் சம்பளம் இல்லாமல் ஊழியம் செய்யலாம் என்று கிளம்பியவர். அருளப்பனும் அந்த வழியை ஏற்றார். திருநெல்வேலிச் சீமையின் வட பகுதியில் கிறிஸ்தியான்பேட்டை என்ற சிறு குடியிருப்பை ஏற்படுத்தினார். மிஷன் சம்பளம் வாங்கினால் அரிசிக்குக் கவலையில்லை என்றிருந்த காலத்தில் இவர் அதை வேண்டாம் என்றார். எந்த வெள்ளைக்காரரும் அவருக்கு மேலதிகாரியாக இல்லை என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் 1857 முதல் 1859 வரை எழுந்த பக்தி எழுச்சிகளின் செய்தி இவரை எட்டியது. 1860 மார்ச்சில் கிறிஸ்தியான்பேட்டையிலும் எழுச்சி தொடங்கியது. ஜனங்கள் தங்கள் பாவங்களைச் சொல்லி அழுதார்கள். உடல் நடுங்கி விழுந்தார்கள். சுற்று ஊர்களுக்குப் புறப்பட்டுப் போய்ப் பிரசங்கித்தார்கள். அந்த ஆகஸ்டு மாதத்துக்குள், சிலர் அறியாத பாஷைகளில் பேசுவதையும் அதற்கு அர்த்தம் சொல்லப்படுவதையும் அருளப்பன் குறித்திருக்கிறார். 1867-இல் அவர் காலமானார். அவருடைய நாட்குறிப்புகளைத் தொகுத்து ஜி. எச். லாங் என்பவர் 1939-இல் நூலாக வெளியிட்டார். அந்த நூல் இல்லாவிட்டால் டொபீகா ஒன்றே இந்தக் கதையின் தொடக்கமாக நின்றிருக்கும்.

மிஷனரிகள் இதைக் கண்டு இரண்டுபட்டார்கள். சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் மிரண்டார்கள். அந்த மிரட்சிக்குக் காரணம் இல்லாமலில்லை. திருநெல்வேலிக் கொடை விழாவில் சாமியாடியும் நடுங்குவான், புரியாததைப் பேசுவான். கால்டுவெல் 1849-இல் வெளியிட்ட ஒரு நூலில் இந்தப் பேயாட்டத்தை விஸ்தாரமாக வர்ணித்திருக்கிறார். எதை விட்டு வரச் சொன்னார்களோ அதுவே ஜெபக்கூட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதோ என்ற சந்தேகம் அவர்களுக்கு. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டென்று எனக்குத் தோன்றுகிறது. சாமியாடி ஊருக்கு வாக்குச் சொல்கிறான். அவனைச் சுற்றிப் பத்துப் பேர் கேள்வியோடு நிற்பார்கள். நாலு மணிக்கு அம்மாயியைச் சுற்றி யாரும் நிற்கவில்லை.

நிற்க. இந்தப் பாஷையால் என்ன பிரயோஜனம் என்ற கேள்வி ஒன்று உண்டு. டொபீகாவில் பள்ளி நடத்திய சார்லஸ் பார்ஹாம் அதற்கு ஒரு விடை வைத்திருந்தார்: இவை உண்மையான தேச பாஷைகள், இனி மிஷனரிகள் இலக்கணம் படித்துக் கஷ்டப்படவேண்டாம். இதை நம்பி ஆல்பிரட் கார் என்பவர் மனைவியுடன் அஸூஸா வீதியிலிருந்து கப்பலேறி, 1907 ஜனவரியில் கல்கத்தா வந்து சேர்ந்தார். தமக்கு வங்காளி அருளப்பட்டிருப்பதாக அவர் எண்ணம். பேசிப் பார்த்தார். வங்காளிகளுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. வேறொருவராயிருந்தால் அவமானம் தாங்காமல் எல்லாவற்றையும் விட்டிருப்பார். கார் பிரசங்கத்துக்கு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டார். ஜெபத்தில் அந்தப் பாஷையை விடவில்லை. கல்கத்தாவில் கருவி உடைந்துபோயிற்று, ஜெபம் மிஞ்சியது. இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது அந்த மிச்சத்தைத்தான்.

விஞ்ஞானிகளும் இதில் கைவைத்திருக்கிறார்கள். டொராண்டோ பல்கலைக்கழகத்து மொழிநூலார் வில்லியம் ஸாமரின், பல இடங்களில் கேட்டறிந்து 1972-இல் ஒரு நூல் எழுதினார். இதில் ஒரு பாஷைக்குரிய இலக்கணக் கட்டுக்கோப்பு இல்லை. பேசுபவருக்குப் பழக்கமான ஒலிகளே மாறி மாறி வருகின்றன என்பது அவர் முடிவு. 2006-இல் பென்ஸில்வேனியாவில் ஆண்ட்ரூ நியூபர்க் என்ற மருத்துவர், இப்படி ஜெபிக்கும் ஐந்து பெண்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார். சங்கீர்த்தனம் பாடும்போது இருப்பதைவிட, பாஷையில் பேசும்போது முன்மூளையில் இரத்த ஓட்டம் குறைந்திருந்தது. 'நான் பேசவில்லை, என்னைப் பேசவைக்கிறது' என்று அந்தப் பெண்கள் சொன்னதற்கு இது பொருத்தமாயிருந்தது. பேசவைப்பது யார் என்று படம் சொல்லாது.

தமிழனுக்கு இது அவ்வளவு அந்நியமா என்றும் யோசித்தேன். 'ஆராரோ' என்பதற்கு அகராதியைப் புரட்டிவிட்டா தாய் தாலாட்டுகிறாள்? வித்வான் ராகம் ஆலாபனை செய்யும்போது 'ததரின' என்பதற்கு யார் அர்த்தம் கேட்கிறார்கள்? உக்கடத்தின் விடியலையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசல்களிலிருந்து அரபியில் பாங்கு வரும். கோட்டை ஈஸ்வரன் கோவிலில் ஸம்ஸ்கிருதத்தில் அர்ச்சனை. பெரிய கடை வீதி மைக்கேல் தேவாலயத்தில் 1960-கள் வரை லத்தீனில் பூசை. கைகூப்பி நின்றவர்களில் பெரும்பாலோருக்கு வார்த்தை புரியாது, பக்தி குறைந்ததில்லை. ஆனால் அந்தப் பாஷைகளைப் புரிந்த பண்டிதர் எங்கேயாவது ஒருவர் இருப்பார். அம்மாயியின் பாஷைக்குப் பண்டிதர் கிடையாது. அதனால் அதைப் பரிகாசம் செய்வது மிகவும் சுலபம். நான் செய்தேன்.

கதையில் அவரை ஒரு வேடிக்கைப் பாத்திரமாக்கியிருந்தேன். அந்த ஒலிகளுக்கு நானே அர்த்தமும் கற்பித்து, சாம்பாருக்குப் புளி போதவில்லை என்று தெய்வத்திடம் புகார் சொல்வதாக முடித்திருந்தேன். நண்பர்கள் சிரித்தார்கள். பேத்தி பள்ளிக்கூடத்தில் யாரிடமோ பத்திரிகையை வாங்கிவந்து பாட்டிக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் நாலு மணிக்குச் சுவர் மௌனமாயிருந்தது. அதற்கடுத்த நாளும். மாவுப் பாத்திரத்தின் சத்தம் மட்டும் வந்தது. எனக்கு ஒரு வரியும் ஓடவில்லை.

நாலாம் நாள் போய் நின்றேன். "அம்மாயி, தப்புப் பண்ணிட்டேனுங்க" என்றேன்.

அவர் இட்லித் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கதை எழுதறவீங்க, எழுதறீங்க. அது கெடக்குது. ஆனா ஒண்ணு தம்பி, அது என்னன்னு எனக்கே தெரியாதுங். தெரியாததாலதான் அத்தனையும் சொல்ல முடியுது. நீங்க அர்த்தம் சொல்லிப்போட்டீங்களே" என்றார். பிறகு, "எத்தனை வேணும்?" என்று கேட்டார். நாலு இட்லி கட்டிக் கொடுத்தார். காசும் வாங்கிக்கொண்டார்.

பவுல் அர்த்தம் சொல்பவரைச் சபைக்குத்தான் கேட்டார். சுவருக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவனை அல்ல. இது எனக்கு அப்போது தெரியாது.

அன்று மாலையே என் மேஜையைத் தூக்கி எதிர்ச் சுவர் ஓரமாகப் போட்டேன். ஒரு வாரம் கழித்து, நாலு மணிக்கு, முன்னிலும் தாழ்ந்த குரலில் மறுபடி கேட்க ஆரம்பித்தது. எழுந்து போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். பாங்கு சொல்லி முடித்து, கடைத்தெரு விழித்த பிறகு உள்ளே வந்து எழுதினேன். அந்த வீட்டில் இருந்த மிச்ச நாளெல்லாம் அப்படித்தான்.