கஜானாக்காரர் எங்கே?

லண்டனின் ஒரு பழைய தெருவுக்கு உங்களை அழைத்துப் போகிறேன். மூக்கைக் கொஞ்சம் பொத்திக்கொள்ளுங்கள்! வருடம் 1751. வில்லியம் ஹோகார்த் என்ற ஓவியர் செம்புத் தகட்டில் செதுக்கி, அச்சுப் போட்டு, ஒரு ஷில்லிங்குக்கு விற்ற படம் இது. பெயர் 'ஜின் லேன்'.

நட்டநடுவே படிக்கட்டில் ஒரு பெண். காலெல்லாம் புண். சாவகாசமாக மூக்குப்பொடி எடுக்கிறாள். மடியிலிருந்த குழந்தை தலைகீழாக விழுகிறது... அவளுக்குத் தெரியவே இல்லை. அத்தனை போதை!

பலர் இதைப் பார்த்து 'ஐயோ' என்று நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் நகராதீர்கள். இடது பக்கம் பாருங்கள், அடகுக்கடை. ஒரு தச்சர் தன் ரம்பத்தை நீட்டுகிறார். பக்கத்தில் ஒரு அம்மாள், சமையல் பாத்திரங்களோடு! ரம்பம் போனால் நாளைக்குக் கூலி ஏது? பாத்திரம் போனால் அடுப்பு ஏது? குழந்தை விழுவதைவிட எனக்குப் பகீரென்றது இந்த மூலைதான். கடையின் மூன்று குண்டு அடையாளம், தூரத்துச் சர்ச் கோபுரத்தின் மேல் சிலுவை மாதிரித் தெரிகிறது. குறும்புக்காரர்!

மனுஷன் மிகைப்படுத்துகிறாரா? நிச்சயமாக. கூடவே வெளியிட்ட 'பீர் ஸ்ட்ரீட்' படத்தில் எல்லோரும் கொழுகொழுவென்று இருக்கிறார்கள். அடகுக்கடை மட்டும் பாழ். பீர் நம்மூர் சரக்கு, தேசபக்தி! ஆனால், 1734-ல் ஜூடித் டிஃபோர் என்பவள் பெற்ற குழந்தையைக் கொன்று, அதன் புதுத் துணிகளை விற்று ஜின் குடித்த வழக்கு கோர்ட் பதிவேட்டிலேயே இருக்கிறது.

இந்தத் தெருவில் ஒரே ஒரு ஆளைக் காணோம். அரசாங்கம்! தானியம் விலைபோகட்டும், வரி வரட்டும் என்று 1690-லேயே சாராயம் காய்ச்சும் தொழிலைத் திறந்துவிட்டது பார்லிமென்ட்தான். படம் வந்த 1751-லேயே சில்லறை விற்பனையை இறுக்கிச் சட்டம் போட்டார்கள். ஜின் வெறி அடங்கியது. அதற்குப் படம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். 1757-ல் விளைச்சல் பொய்த்து, தானியத்தில் சாராயம் காய்ச்சவே தடை வந்ததும் ஒரு காரணம்.

நம்மூருக்கு வருவோம். திருச்செங்கோடு ஆசிரமத்தில், கல்கியைத் துணைக்கு வைத்துக்கொண்டு 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காகவே பத்திரிகை நடத்தினார் ராஜாஜி. மாகாணப் பிரதமரானதும், 1937 அக்டோபர் 1-ம் தேதி முதன்முதலில் கள்ளுக்கடைகளை மூடியது தன் சொந்த சேலம் ஜில்லாவில்தான். ஆத்தூர், கெங்கவல்லி எல்லாம் அதில் அடக்கம். தச்சரின் ரம்பம் வீட்டிலேயே இருக்கட்டும் என்கிற அதே கணக்கு!

கஜானாவில் விழுந்த ஓட்டை? அதை அடைக்க 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார். 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது. வரி போகவில்லை. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் மதுவை அதில் சேர்க்கவில்லை. கள்ளுக்கடையை மூட வந்த அந்த வரியின் வாரிசான 'வாட்', இன்றைக்குத் தமிழ்நாட்டில் மது பாட்டில் மீதே வசூலாகிறது!