காரத்தொழுவுக்காரர் வரைந்த வேதாளம்

லீவுக்கு வந்திருந்த பேத்தி ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் மூழ்கியிருந்தாள். "இந்தக் கதையை ஒரு நாய் சொல்லுதுங்க அப்புச்சி" என்றாள். விசாரித்தேன். 1979-ல் அமெரிக்காவில் வந்த 'பன்னிகுலா' என்ற கதையின் தொடர்ச்சியாம். முதல் கதையில் ஒரு முயல் ராத்திரியில் காய்கறிச் சாற்றை உறிஞ்சிவிடும். அது ரத்தக்காட்டேரி என்று வீட்டுப் பூனைக்குச் சந்தேகம். அதை எழுதியவர்கள் ஜேம்ஸ் ஹௌ, டெபோரா ஹௌ என்ற தம்பதி. புத்தகம் அச்சாகி வருவதற்குள் மனைவி காலமாகிவிட்டார். கணவர் தனியாகத் தொடர்ந்து எழுதினார்.

"இதெல்லாம் நம்மகிட்ட எப்பவோ வந்தாச்சு கண்ணு" என்று சொல்லி, வேதாளக் கதையை ஆரம்பித்தேன். நம் வயதுக்காரர்களுக்கு அது அம்புலிமாமாவில் வந்த கதை. ஆனால் வேர் ரொம்பப் பழையது. 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்து சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் வேதாளம் 24 கதை சொல்கிறது. 1870-ல் ரிச்சர்டு பர்ட்டன் அவற்றில் சிலவற்றை ஆங்கிலத்தில் எழுதியபோது, வேதாளத்தை ரத்தக்காட்டேரி ஆக்கித் தலைப்பு வைத்தார். நம் வேதாளம் பிணத்துக்குள் புகுந்துகொண்டு கதை சொல்லி நியாயம் கேட்கிற ஆசாமி.

பேத்திக்கு வேண்டிய பிராணியும் அதில் உண்டு. மூன்றாவது கதையில் ஒரு கிளியும் மைனாவும் சண்டை போடுகின்றன. ஆண்கள்தான் கெட்டவர்கள் என்று மைனா ஒரு கதை சொல்லும். பெண்கள்தான் என்று கிளி ஒரு கதை சொல்லும். ராஜா கிளியின் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பேத்தி அதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

சமஸ்கிருதத்தில் வேதாளம் தொங்குவது சிம்சபா மரத்தில். தமிழுக்கு வந்ததும் முருங்கை ஏறிவிட்டது. மூலனூர்ப் பக்கத்து முருங்கைக் காடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கொப்பு குழந்தையைக்கூடத் தாங்காது. வேதாளத்துக்கு எடை இல்லை போலிருக்கிறது!

1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய பத்திரிகை அம்புலிமாமா. பழைய கதைகள் தீர்ந்த பிறகும் அதில் வேதாளம் இறங்கவில்லை. வெவ்வேறு கதைகளின் கடைசியில் ஒரு கேள்வியைச் சேர்த்து, மாதாமாதம் பல வருஷம் ஓட்டினார்கள். தோளில் பிணம், கையில் உருவிய வாள் என்று நடக்கும் அந்த ராஜாவின் படம் கண்ணை மூடினால் இன்றும் வருகிறது. அதை வரைந்த சங்கர் நம்மவர். 1924-ல் தாராபுரம் பக்கம் காரத்தொழுவில் பிறந்த கே.சி. சிவசங்கரன். அன்றைக்கு அது கோயமுத்தூர் ஜில்லா. 2020-ல் 96 வயதில் காலமானார். அடுத்த வருஷம் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

"ராஜா பேசாமல் இருந்தால் வேலை முடிஞ்சிருக்குமே?" என்று கேட்டாள் பேத்தி. அதுதான் கதையின் முடிச்சு. வாயைத் திறந்தால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். பதில் தெரிந்தும் வாயை மூடியிருந்தால் தலை வெடித்துவிடும். ராஜா ஒவ்வொரு முறையும் பேசுகிறார், மறுபடி நடக்கிறார். பதில் தெரியாத கேள்வி வந்தபோதுதான் மௌனமாக இருந்தார்.

எனக்கு ஒரு பழைய நாள் ஞாபகம் வந்தது. நான் ஒரு மில்லில் குமாஸ்தாவாக இருந்தபோது, பஞ்சுப் பேல் கணக்கில் குறைவு என்று கூட வேலை பார்த்தவரை நிறுத்தினார்கள். தவறு மேலே இருந்தவருடையது. சீட்டை நான் பார்த்திருந்தேன். விசாரணையில் கேட்டார்கள். வீட்டில் இரண்டு குழந்தைகள், ஸ்கூல் பீஸ் கட்டும் மாதம். தெரியாது என்றேன்.

பல வருஷம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "பொண்ணு என்னங்க படிக்கறா?" என்று அன்பாக விசாரித்தார். அப்போதும் நான் சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை.

இதைப் பேத்தியிடம் சொன்னேன். "உங்க தலை வெடிக்கலையா அப்புச்சி?" என்றாள்.

இல்லை கண்ணு. வேதாளம் மட்டும் இன்னும் தோளை விட்டு இறங்கவில்லை.