கரண்ட் பிடிக்கிறதுக்கு முதல் பல்லை ஏன் பார்க்கினம்?

எங்கட ஊர்களில் புற்றுநோய்க்கான கதிர்ச் சிகிச்சையைக் 'கரண்ட் பிடிக்கிறது' என்றுதான் சொல்லுவினம். வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் பிடிக்கப் போறவரை முதலில் பல் வைத்தியரிடம் அனுப்புவார்கள். 'வருத்தம் நாக்கில, பல்லை ஏன் பார்க்கினம்?' என்று வீட்டுக்காரர் குழம்புவது வழமை. இதற்குப் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது. அதில் நிறையப் பேரின் தாடைகள் போயிருக்கின்றன.

அமெரிக்காவின் நியூ ஜேர்சியில், மணிக்கூட்டு முகப்புகளுக்கு ரேடியம் கலந்த பூச்சைப் பூசிய இளம் பெண்கள் தூரிகை நுனியை உதட்டில் வைத்துத்தான் கூராக்கினார்கள். வேலையில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் மொலி மாஜியா. முதலில் ஒரு பல்லு வலித்தது, பிடுங்கினார்கள், காயம் ஆறவில்லை. அடுத்த பல்லும் அப்படியே. கடைசியில் தாடை எலும்பே பல் வைத்தியரின் கையோடு வந்தது. 1922 இல் அவர் இறந்தபோது மரணச் சான்றிதழில் காரணம் 'சிபிலிஸ்' என்று எழுதினார்கள். (இதை வாசிக்கும்போது எங்களுக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.) 1924 இல் நியூயோர்க் பல் வைத்தியர் தியடோர் பிளம் இந்த நோயை 'ரேடியம் தாடை' என்று எழுதினார்.

அந்தப் பெண்கள் விழுங்கிய ரேடியம் எலும்பிலேயே தங்கிவிட்டது. வெளியிலிருந்து பாய்ச்சும் சிகிச்சைக் கதிர் அப்படித் தங்காது. ஆனால் தாடைக்கு நடப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். அதே 1922 இல் பிரான்ஸின் குளோடியஸ் ரெகோ, கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களின் தாடை எலும்பு செத்துப்போவதைப் பதிவு செய்தார். கதிர் பட்ட எலும்பில் சிறிய இரத்தக் குழாய்கள் அடைபடும். கீழ்த்தாடைக்கு இயல்பிலேயே இரத்த ஓட்டம் குறைவு. அதில் ஒரு பல்லைப் பிடுங்கினால் குழி மூடாமல் போகலாம்.

அப்ப என்ன செய்வது? பல்லு இருந்தால்தானே பிறகு பிடுங்க வேண்டி வரும்! அதனால் சிகிச்சைக்கு முதலே எல்லாப் பல்லையும், நல்ல பல்லையும் சேர்த்து, பிடுங்கிவிடுவது பல தசாப்தங்களுக்கு வழக்கமாக இருந்தது. அந்த வைத்தியர்களைக் கொடியவர்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அக்காலத்து எக்ஸ்ரே கதிரை எலும்பு மற்றத் தசைகளைவிடக் கூடுதலாக உறிஞ்சியது. ஆரம்பத்தில் அன்டிபயோட்டிக்கும் கையில் இல்லை. 1951 இல் கனடாவில் கோபால்ட் இயந்திரங்கள் பாவனைக்கு வந்த பிறகுதான் எலும்புக்கு விழும் அடி குறைந்தது.

ஆனாலும் பல்லு ஏன் கெடுகிறது? அதற்கு விடை துப்பலில் இருந்தது. கதிர் உமிழ்நீர்ச் சுரப்பிகளைக் கெடுத்துவிடும். வாய் காயும். காய்ந்த வாயில், முரசோடு ஒட்டிய இடத்தில், சில மாதங்களுக்குள்ளேயே பல்லு சூத்தையாகும். 1970களில் ஹூஸ்டனின் எம்.டி. அண்டர்சன் வைத்தியசாலையில், நோயாளியின் பல் வரிசைக்கு அளவாகச் செய்த தட்டில் ஃபுளோரைட் ஜெல்லைப் போட்டு ஒவ்வொரு நாளும் வைக்கச் சொன்னார்கள். சொன்னபடி செய்தவர்களின் பல்லு தப்பியது. எல்லாவற்றையும் பிடுங்கத் தேவையில்லை என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேணும்?

1983 இல் ரொபர்ட் மார்க்ஸ் இன்னொன்றையும் சொன்னார். எலும்பு சாவதற்கு அடிப்படைக் காரணம் கிருமி அல்ல, அந்த இழையத்தில் ஒட்சிசனும் கலங்களும் இரத்தக் குழாய்களும் குறைந்துபோவது. ஆகவே பிடுங்க வேண்டிய பல்லை முதலே பிடுங்கி, காயம் ஆற இரண்டு மூன்று கிழமை கொடுத்துவிட்டுக் கரண்ட் தொடங்குவதே நல்லது. 2011 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று, கதிரை உமிழ்நீர்ச் சுரப்பியில் படாமல் வளைத்துக் கொடுத்தால், ஒரு வருடத்தின் பின் கடுமையாக வாய் காய்பவர்கள் 74 வீதத்திலிருந்து 38 வீதமாகக் குறைவதைக் காட்டியது.

இலங்கை ஆண்களிடம் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். வெத்திலை, பாக்கு, புகையிலை போட்டுப் பழகிய வாயில் முரசும் பல்லும் முதலே பழுதாகியிருக்கும். அதனால்தான் இங்கே அந்தப் பல் வைத்தியரின் அறை அவ்வளவு முக்கியம். கெட்டதை எடுக்கிறார்கள், நல்லதை விடுகிறார்கள், ஃபுளோரைட் தருகிறார்கள், உப்பும் அப்பச்சோடாவும் கலந்த தண்ணீரால் கொப்புளிக்கச் சொல்கிறார்கள்.

கரண்ட் பிடித்த தாடை வருடங்கள் போனாலும் பழையபடி ஆகாது. பத்து வருடத்தின் பின், 'அதெல்லாம் சுகமாப் போச்சு' என்று நினைத்து, ஊரில் இருக்கிற கிளினிக்கில் ஒரு பல்லைப் பிடுங்கக் கதிரையில் ஏறி இருக்கிறார் ஒரு ஐயா. பழைய சிகிச்சை அட்டை வீட்டு அலுமாரியில் கிடக்கிறது.