லயமும் நடுவரும்



நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை செல்லும் மலைப்பாதையிற் போவோர், குன்றொன்றின் முடியிலே அடுக்கடுக்கான சன்னல்களோடு நிற்கும் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைக் காணாமற் போக இயலாது. ஹெதர்செற் தோட்டத்துத் தொழிற்சாலை அது. 1930களில் எழுந்து, 1970களில் இயந்திரம் ஓய்ந்து, பின்னர் பல ஆண்டுகள் வெறுங்கூடாகக் கிடந்தது. 1996இல் அதனை விருந்தினர் விடுதியாக்கினர். அவ்வாறு ஆக்கியபோது பழைய வெளித்தோற்றத்தையும், உள்ளிருந்த இயந்திரங்கள் சிலவற்றையும் அழியாமற் பேணினர். ஆசிய பசுபிக் நாடுகளில் மரபுக் கட்டடங்களைக் காப்போரைச் சிறப்பிக்கும் பொருட்டு யுனெஸ்கோ நிறுவனம் 2000ஆம் ஆண்டில் ஒரு விருது வரிசையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டிலேயே இக்கட்டடம் அதன் பாராட்டைப் பெற்றது.

பாராட்டு தகுதியானதே. அதிற் குறை காண்பது என் நோக்கமன்று. ஆயினும், அந்தக் கட்டடத்தை முதன்முறை நேரிற் கண்டு திரும்பிய மாலையில் ஒரு வினா என்னை விடாது தொடர்ந்தது. கொழுந்து வாடிய மாடிகளை வல்லுநர் வந்து மதிப்பிட்டனர். கொழுந்து கொய்தவர்கள் உறங்கிய வீடுகளை மதிப்பிட எவர் வந்தார்? வந்தவர் எதனை அளந்தார்? இவ்வினாவைப் பின்பற்றிச் சென்றதன் பயனே இன்றைய பேச்சு.

லயம் கோப்பிக் காலத்தின் பிள்ளை. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நாட்டியபோது, லயம் மலைநாட்டிலே ஏற்கெனவே காலூன்றிவிட்டது. கோப்பித் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலும் பருவத்துக்கு வந்து, பருவம் முடியத் தமிழகம் திரும்பினர். சில மாதம் தங்குபவனுக்கு மழைக்கு ஒதுங்க ஒரு கூரை போதும் என்பதே அந்நாளைய தோட்டத்துரைமாரின் எண்ணம். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தியது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலையோ ஆண்டு முழுதும் கொழுந்து தருவது. ஆண்டு முழுதும் குடும்பத்தோடு தங்கும் ஆட்களை வேண்டுவது. பயிர் மாறியது. ஆட்கள் தங்கும் காலமும் மாறியது. வீட்டின் அளவு மட்டும் மாறவில்லை. பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி கொண்ட ஒரு காம்பரா, அதன் முன்னே ஒரு குறுகிய இஸ்தோப்பு. இவ்வாறான காம்பராக்கள் வரிசையாக ஒட்டிநிற்கும். இரட்டை லயமாயின் முதுகோடு முதுகு சேர்ந்து இன்னொரு வரிசையும் நிற்கும். அத்தகைய லயத்திற் பின்சன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லை. பின்சுவருக்கு அப்பால் மற்றொரு குடும்பம் இருமிக்கொண்டிருக்கும்.

இவ்வீடுகளுக்கு முதலில் வந்த நடுவர் மருத்துவராவர். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளைப் பற்றிய முதற் சட்டம் 1872இல் இயற்றப்பட்டது. பின்னர் பலமுறை திருத்தப்பெற்று, 1912இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமாக அமைந்தது. லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் ஓரளவேனும் சுகாதாரமாக வைத்திருத்தல் தோட்ட நிருவாகியின் கடமை என அச்சட்டம் விதித்தது. நேயர்கள் இந்த 'ஓரளவேனும்' என்பதைக் கவனிக்க வேண்டும். காலராவும் கொக்கிப்புழுவும் பரவாதிருத்தலே அன்றைய அளவுகோல். வடிகால் ஓடுகிறதா, சுவருக்குச் சுண்ணாம்பு பூசியாயிற்றா, கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பர். குற்றம் கூறுதற்கில்லை, அந்த வருகைகளால் உயிர்கள் பிழைத்தன. எனினும் அவர்கள் நாடியது நோயற்ற தொழிலாளியை. அவன் வாழும் வீட்டைப் பற்றிய கேள்வி அவர்களது ஏட்டில் இல்லை.

1923இலிருந்து இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் இருந்து பணியாற்றினார். அவரது ஆண்டறிக்கைகளிலும் லயங்களைப் பற்றிய செய்திகள் உண்டு. ஆக, நடுவர் இருவராயினர். வீட்டிலிருப்பவரிடம் தீர்ப்புக் கேட்கும் வழக்கம் அப்போதும் பிறக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் அவர்களுட் பெரும்பாலாருக்கு வாக்கும் இல்லாமற் போயிற்று. வாக்கில்லாதவன் தன் கூரையைப் பற்றி யாரிடம் முறையிடுவான்? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும் தோட்டப்புறத்திலே சபைப் பணத்தைச் செலவிட வழிவிடவில்லை. அத்தடை 2018இலேதான் திருத்தத்தால் நீங்கியது.

நான் பிறந்ததும் ஒரு லயத்திலேதான். மேலிடத்தார் வருகிறார் என்ற செய்தி பிரட்டுக்களத்திலே பரவியவுடன் சுண்ணாம்பு வாளிகள் புறப்படும். முன்சுவர் வெளுக்கும், பக்கச் சுவர் பாதிவரை வெளுக்கும், பின்சுவருக்குச் சுண்ணாம்பு எட்டாது. வருபவரின் பார்வை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைச் சுண்ணாம்பு பூசுபவர் நன்கறிந்திருந்தார். அந்த நாள்களில் எங்களுக்கு அது வேடிக்கை. இன்று, விருதுக் குழுக்கள் எவ்வாறு வேலை செய்கின்றன என்று படிக்கும்போதெல்லாம் அந்தப் பாதிச் சுவர் என் கண்முன் வருகின்றது.

விருதுகளின் கதை வேறொரு திசையிற் சென்றது. பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவனத்தின் தங்கப் பதக்கம் 1848இற் தொடங்கியது. அமெரிக்காவின் பிரிட்ஸ்கர் பரிசு 1979இல். இரண்டுமே ஆளைப் பாராட்டுவன. வரைந்தவர் யார் என்று கேட்பன. குடியிருப்பவர் யார் என்று கேட்பது அவற்றின் வேலையன்று.

அந்தக் கேள்வியைப் பெரிய அளவில் எழுப்பியது 1977இல் நிறுவப்பட்ட ஆகா கான் கட்டடக்கலை விருது என்பேன். மூன்றாண்டுக்கு ஒருமுறை அது வழங்கப்படுகின்றது. அதன் நடைமுறை சற்று விரித்துச் சொல்லத் தக்கது. நடுவர் குழு முதலில் வந்து குவிந்த ஆவணங்களைப் பார்த்து ஒரு குறும்பட்டியலைத் தெரிவு செய்யும். அதன்பின் மதிப்பாய்வாளர் ஒருவர் கட்டடம் நிற்கும் இடத்துக்கே அனுப்பப்படுவார். அவர் அங்கே தங்கி, தண்ணீர் வருகிறதா, சுவர் ஈரம் உறிஞ்சுகிறதா என்று நேரிற் பார்ப்பார், பயன்படுத்துவோருடன் உரையாடுவார். திரும்பி வந்து நடுவர் முன்னிலையில் தம் ஆய்வை எடுத்துரைத்து, அவர்கள் தொடுக்கும் வினாக்களுக்கு விடை கூறுவார். அழகிய நிழற்படம் மட்டும் அங்கே தீர்ப்பை வெல்லாது. பின்சுவரைப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆள் நியமிக்கப்பட்டுவிட்டார்!

இதன் விளைவு என்ன? 1980இல் வழங்கப்பட்ட முதல் வரிசை விருதுகளுள் ஒன்று யக்கார்த்தா நகரின் கம்பங் எனப்படும் ஏழைக் குடியிருப்புகளின் மேம்பாட்டுத் திட்டத்துக்குக் கிடைத்தது. நடைபாதையும் வடிகாலும் குடிநீரும் அமைத்த பணிக்குக் கட்டடக்கலை விருது! 1989இல் வங்காளதேசத்துக் கிராமின் வங்கியின் வீட்டுக்கடன் திட்டம் பரிசு பெற்றது. நான்கு காங்கிரீற்றுத் தூண், கூரைத் தகரம், கழிப்பிடத்துக்கு ஒரு தட்டு. எஞ்சியதைக் குடும்பம் தன் கைவண்ணத்தால் முடித்துக்கொள்ளும். வீடு நிற்கும் நிலம் கடன் பெறும் பெண்ணின் பெயரில் இருத்தல் வேண்டும் என்பது அத்திட்டத்தின் நிபந்தனை. மலையகத்தாருக்கு இந்த நிபந்தனை தூணையும் தகரத்தையும் விடப் பெரிதாகத் தோன்றும். 1995இல் பால்கிருஷ்ண தோஷி வடிவமைத்த இந்தூர் ஆரண்யக் குடியிருப்பும் விருது பெற்றது. அதிலே பல குடும்பங்களுக்கு மனைத் துண்டும் அடிப்படை வசதிகளும் கொடுத்து, வீட்டை நாளடைவில் வளர்த்துக்கொள்ள விட்டனர்.

வீட்டு விருதுகளின் வரலாற்றிலே நம் தீவுக்கும் ஓர் இடமுண்டு. வீடற்றோருக்கு உறைவிடம் வழங்கும் சர்வதேச ஆண்டு ஒன்று வேண்டும் என 1980இல் ஐக்கிய நாடுகள் சபையிலே முன்மொழிந்தவர் அன்றைய பிரதமர் இரணசிங்க பிரேமதாச அவர்கள். அவ்வாண்டு 1987ஆகக் குறிக்கப்பட்டது. அதனையொட்டியே 1985இல் பிரித்தானியாவில் உலக வாழிட விருதுகள் தோன்றின. அதே காலத்தில், 1984இல், இங்கே பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் தொடங்கியது. சிறு கடன் பெற்று மக்கள் தாமே கட்டிக்கொள்ளும் அத்திட்டம் உலகோரால் வியந்து பேசப்பட்டது. ஆனால் காலடி மண்ணே தோட்டத்துடையதாக இருந்த தொழிலாளிக்கு அக்கதவு எளிதிற் திறக்கவில்லை.

மலைநாட்டிலேயே, கண்டியிலே பிறந்த ஒருவரை இங்கு நினைவுகூராமற் போனால் இப்பேச்சு குறையுடையதாகும். மினெற் டி சில்வா அம்மையார் 1918இற் பிறந்தவர்; 1948இல் பிரித்தானிய அரச நிறுவனத்தின் உறுப்புரிமை பெற்ற முதல் ஆசியப் பெண்மணி. 1950களில் கண்டி வட்டபுளுவையில் அரச ஊழியருக்கான குடியிருப்பை அமைக்கும் பணி அவரிடம் வந்தது. அவர் முதலில் கோடு கிழிக்கவில்லை; குடியேற இருந்தவர்களிடம் வினாப்பட்டியல் கொடுத்தார், அவர்களோடு பேசினார். பல இனத்தவரும் மதத்தவரும் கலந்த கூட்டம் அது. எப்படிச் சமைப்பீர்கள், எங்கே வழிபடுவீர்கள் என்றெல்லாம் கேட்டறிந்து, அதற்கேற்பப் பல்வகை வீடுகளை வரைந்தார். வீடு எழுமுன்பே குடியிருப்பவரை நடுவராக்கிய செயல் இது. இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகம் 1996இல் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. இரண்டாண்டில் அவர் மறைந்தார்.

அவரது காலத்தவரான ஜெப்ரி பாவா அவர்களின் புகழைச் சொல்ல வேண்டியதில்லை. 2001இல் ஆகா கான் விருதின் தலைவர் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1950களின் இறுதியில் அப்கொட் பக்கத்து ஸ்ட்ரத்ஸ்பே தோட்டத்தில் அவர் ஒரு பங்களாவை அமைத்தார். தோட்டத்திலே கட்டடக்கலைஞரின் பென்சில் பங்களாவரைக்கும் வந்தது. வட்டபுளுவை போன்ற ஒரு வினாப்பட்டியல் கண்டியிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள லயங்களுக்கு வந்திருந்தால் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. எண்ணிப் பார்க்கத்தானே முடியும்!

இனிக் கசப்பான ஒரு செய்தி. வல்லுநரின் தீர்ப்பு மலையகத்துக்கு வராமல் இல்லை. வந்தும் பயனற்றுப் போனதுண்டு. பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகில் மீரியபெத்தைத் தோட்டத்தின் மேலிருந்த சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆய்வு நிறுவனத்தார் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தனர். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட்காலை மலை இறங்கி வந்து லயங்களை மூடியது. பள்ளிக்குப் புறப்பட்டுச் சென்றதனால் உயிர் தப்பிய பிள்ளைகள், திரும்பி வந்து தம் வீடு இருந்த இடத்திலே சேற்றைக் கண்டனர். அன்று எங்கள் பாடசாலையிலே பாடம் நடக்கவில்லை. பிள்ளைகள் சன்னல் வழியே தத்தம் லயத்துக்கு மேலுள்ள மலையைப் பார்த்தவாறே இருந்தனர்.

அதன்பின் தனிவீடுகள் விரைவு பெற்றன. 7 பேர்ச்சஸ் காணி, உறுதிப்பத்திரம், ஏறக்குறைய 550 சதுர அடி வீடு. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள். 2017 மே 12ஆம் நாள் நோர்வூட்டிலே இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். நான் ஒருமுறை வகுப்பிலே, 'உங்கள் வீட்டை வரையுங்கள்' என்றேன். ஒரு மலை, ஒரு ஆறு, இரு சன்னலுள்ள ஓட்டு வீடு. எல்லாத் தாளிலும் அதே படம். லயத்தை வரைந்தவர் ஒருவருமில்லை. இப்போது அந்த மாணவருட் சிலர் இரு சன்னலுள்ள வீட்டிலேயே குடியிருக்கின்றனர்.

அட்டன் பக்கத்திலே அத்தகைய ஒரு வீட்டின் பால்காய்ச்சும் சடங்குக்குச் சென்றிருந்தேன். மாணவியின் அப்பாயி, வயது எண்பதுக்கு அண்மித்தவர், நாற்பதாண்டு கொழுந்து பறித்தவர். அம்மூதாட்டி தரையைப் பார்க்கவில்லை, கூரையையும் பார்க்கவில்லை. நேரே உள்ளே சென்று பின்சுவரிலே கையை வைத்தார்.

"இதுக்கு அங்கிட்டு யாரு இருக்கா?" என்றார்.

"யாருமில்ல அப்பாயி, வெறும் மலைதான்" என்றாள் பேத்தி.

கிழவி மீண்டும் ஒருமுறை சுவரைத் தடவினார். பின்னர் சமையலறைக்குச் சென்று வாயிலில் நின்று வெளியே நோக்கினார். "அடுப்பை இங்க வச்சது பிழை. ஆனி மாசக் காத்து சாமிமலைப் பக்கமிருந்து நேரா இதுக்குள்ளதான் வரும்" என்றார். கட்டியவர்களுக்கும் எங்களுக்கும் அது தோன்றவேயில்லை. அவ்வாண்டு தென்மேற்குப் பருவக்காற்று எழுந்தபோது வீடெல்லாம் புகையாயிற்று. பின்புறத்திலே தகரத்தால் ஒரு சாய்ப்பு இறக்கி, விறகடுப்பை அவர் காட்டிய மூலைக்கு மாற்றினார்கள்.