ஏழரைப் பாயிண்டு எழுத்து: அனுமானத்தின் எல்லை

ஈயத்தை உருக்கி அச்செழுத்து வார்த்த காலத்தில், ஐந்து பாயிண்டு எழுத்தும் பத்துப் பாயிண்டு எழுத்தும் ஒரே பெயரைத் தாங்கி ஒரே குடும்பத்தைச் சேர்ந்தனவாக விளங்கிய போதிலும், அவ்விரண்டும் தனித்தனியே எஃகில் செதுக்கப்பட்டவை. பெரியதைச் சுருக்கிச் சிறியதாக்கினால் நுண்கோடுகள் மங்கும், உட்குழிவுகளை மை அடைக்கும் என்பதை அக்கைவினைஞர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். திருமாலுக்குத் தசதாளம் வகுத்த சிற்ப சாஸ்திரம், விநாயகருக்கு அதையே சுருக்கிக் கொடாமல் பஞ்சதாளம் என வேறொரு பிரமாணம் வகுத்ததும் இவ்வகை விவேகமே.

ஒளியச்சுக் கோப்பு வந்தபின் இவ்விவேகம் பெரும்பாலும் கைவிடப்பட்டது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டொனால்டு க்னூத், 1977இல் தம் நூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கு வந்த மெய்ப்பைக் கண்டு மனம் நொந்து, டெக் என்னும் அச்சுக்கோப்பு முறையையும், எழுத்தின் வடிவத்தைச் சமன்பாடுகளால் வரையும் மெட்டாஃபான்ட் என்னும் மொழியையும் படைத்தார். மோனோடைப் மாடர்ன் 8ஏ என்ற பழைய அச்சை முன்மாதிரியாகக் கொண்டு அவர் ஆக்கிய கம்ப்யூட்டர் மாடர்ன் குடும்பத்தில், எழுத்தை வரையும் நிரல் ஒன்றே. ஒவ்வோர் அளவுக்கும் மாறுவது, அறுபத்திரண்டு அளவுருக்களின் மதிப்புகளைத் தாங்கிய சிறு கோப்பு மட்டுமே.

அம்மதிப்புகளைக் கூர்ந்து நோக்குவோருக்கு ஒரு விசேஷம் புலப்படும். பத்துப் பாயிண்டு எழுத்தில் சிற்றெழுத்தின் உயரம் ஒரு பாயிண்டை முப்பத்தாறாகப் பகுத்ததில் 155 பங்கு. ஐந்து பாயிண்டில் 77.5, அதாவது சரிபாதி. ஆனால் அகலத்தின் அடிப்படை அலகோ 20 பங்கிலிருந்து பாதியான 10க்கு இறங்காமல் 12.5இல் நின்றுவிடுகிறது, போதாததற்கு எழுத்தின் இருபுறமும் ஐந்தைந்து பங்கு இடைவெளி வேறு சேர்கிறது. ஆகவே, பத்துப் பாயிண்டு எழுத்தில் 10 பாயிண்டாக உள்ள ‘எம்’ என்னும் அகல அளவு 5 பாயிண்டு ஆகாமல் ஏறத்தாழ 6.81 ஆகிறது. இது கணக்கின் விளைவன்று, கண்ணின் தீர்ப்பு.

ரோமன் எழுத்துக்கு ஐந்து முதல் பத்து வரை ஆறு அளவுகளும், பன்னிரண்டும், 17.28உம் ஆக எட்டே அளவுகளுக்குத்தான் க்னூத் இத்தீர்ப்பை வழங்கினார். இடைப்பட்டவை வேண்டுவோர் அருகிலுள்ள ஒன்றைப் பெருக்கிக்கொண்டனர்; பழைய குற்றம் புதிய வேடத்தில் வந்தது. 1980களில் ஜான் சாட்டர் என்பவர், அளவுருக்களை எழுத்தின் அளவைச் சார்ந்த சூத்திரங்களாக மாற்றி, வேண்டிய அளவைச் சொன்னால் அதற்குரிய மதிப்புகள் தாமே கிடைக்குமாறு செய்தார். இதன் பயன் பெரிது. நான் அதை மறுக்கவில்லை. எனினும் க்னூத்தின் எண்கள் பிரத்தியட்சம், சூத்திரம் தருவது அனுமானம் என்னும் பேதத்தை நாம் மறத்தல் ஆகாது.

இதற்குச் சான்று அவ்வெண்களிலேயே உள்ளது. எம் அகலம் ஏழு பாயிண்டில் 7.97, எட்டில் 8.5, ஒன்பதில் 9.25, பத்தில் 10, பன்னிரண்டில் 11.75. ஏழிலிருந்து எட்டுக்கு ஏற்றம் 0.53 மட்டுமே, அடுத்த இரு படிகளிலும் 0.75. எட்டுப் பாயிண்டில் ஒரு மூட்டு இருக்கிறது: அதற்கு மேல் பக்க இடைவெளி பூஜ்யம், கீழே அது வளரத் தொடங்குகிறது. ஏழரைப் பாயிண்டுக்கு ஏழையும் எட்டையும் நேர்கோட்டால் இணைத்தால் 8.24 வரும், மேலிருந்து வரும் கோட்டையே கீழே நீட்டினால் 8.13 வரும். அற்பம் என்று தோன்றும் இவ்வித்தியாசம், முப்பது எம் நீளமுள்ள வரியில் மூன்று பாயிண்டைத் தாண்டி, ஏறக்குறைய ஓர் எழுத்தின் இடத்தை விழுங்கிவிடும். ஆதலால் எல்லாப் புள்ளிகளையும் ஒரே வழுவழுப்பான வளைகோட்டில் அடைக்க முயல்வதைவிட, மூட்டு உள்ள இடத்தில் கோட்டை முறித்து, அண்டையிலுள்ள இரு சாட்சிகளை மட்டும் கேட்பதே நியாயம்.

2016இல் அறிமுகமான மாறுநிலை எழுத்துருக்களும், வடிவமைப்பாளர் வரைந்த சில அளவுகளை வைத்துக்கொண்டு இடைப்பட்டவற்றை இவ்வாறே கணிக்கின்றன. இரு சாட்சிகளுக்கு நடுவே இயங்கும்வரை அனுமானம் ஏற்புடையது. ஐந்துக்குக் கீழும் 17.28க்கு மேலும் சூத்திரம் எதை உமிழ்ந்தாலும், அதை க்னூத்தின் எழுத்து என்று அழைப்பது தகாது.